ரீஃப் டேங்குக்கு எந்த பம்ப் வாங்கறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீஃப் டேங்க் (கோரல், அதாவது பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணி தொட்டி) ஆரம்பிக்கிறவங்க முதல்ல லைட்டத்தான் கேப்பாங்க, ஒரு ஆறு மாசம் போனதும் திரும்பி வந்து கேக்கறது முக்கால்வாசி பம்ப் பத்திதான். அதே சந்தேகம், ஆள் மட்டும் வேற. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு, இத்தன வருஷம் டேங்க் வச்சு கத்துக்கிட்டத இங்க எழுதிட்டேன். முடிஞ்சா மேல இருந்து படிச்சுட்டு வாங்க, முன்னாடி சொன்னத பின்னாடி திரும்ப எழுதல.

ஃபில்டர் ஓடுதே, தண்ணி சுத்திக்கிட்டுதானே இருக்கு, தனியா எதுக்கு பம்ப்?

மீன் மட்டும்னா அது போதும். கோரல் அப்படி இல்ல, ஒட்டின இடத்துலயே வாழ்ற உயிர், சாப்பாட்ட தேடிப் போகவும் முடியாது, தன் கழிவ விட்டு நகரவும் முடியாது. ரெண்டையும் தண்ணிதான் செஞ்சு குடுக்கணும். இன்னொண்ணு, கோரலோட தோல் மேல மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் நகராம ஒட்டிக்கிட்டு நிக்கும். ஃப்ளோ (நீரோட்டம்) கம்மியா இருந்தா அந்தப் படலம் தடிச்சு போயிடும், அப்ப நீங்க என்னதான் கால்சியம் போட்டாலும் சாப்பாடு போட்டாலும் அது உள்ள போய் சேர்றது மெதுவாயிடும், உள்ள இருக்கிற கழிவும் வெளிய வராது.

ராத்திரி இன்னும் முக்கியம். பகல்ல கோரலுக்குள்ள இருக்கிற பாசி வெளிச்சத்துல ஆக்சிஜன் தரும், லைட் அணைஞ்சதும் எல்லா உயிருமே ஆக்சிஜன எடுக்க மட்டும்தான் செய்யும். தண்ணியோட மேல்பரப்பு நல்லா அலைஞ்சாதான் காத்துல இருந்து ஆக்சிஜன் இறங்கும். சிலர் ராத்திரி சத்தம் வேண்டாம்னு பம்ப்ப ஆஃப் பண்ணிட்டு தூங்குறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க.

ரிட்டர்ன் பம்ப், பவர்ஹெட், வேவ்மேக்கர், ஜைர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாம் ஒண்ணுதானா?

இல்ல. ரிட்டர்ன் பம்ப் கீழ இருக்கிற சம்ப்ல (ஃபில்டர் எல்லாம் வைக்கிற இன்னொரு தொட்டி) இருந்து தண்ணிய மேல டேங்குக்கு தூக்குற பம்ப், அதுக்கு தூக்குற சக்தி வேணும். வேவ்மேக்கர் டேங்குக்குள்ளயே இருந்து தண்ணிய தள்ளுறது, உயரம் ஏத்துற வேலை இல்ல, அதனால சின்ன மோட்டாரும் ஒரு புரொப்பெல்லரும் இருந்தாலே நிறைய தண்ணிய அகலமா தள்ளும். பவர்ஹெட்ங்கறது பழைய பேரு, பைப்ல இருந்து வர்ற மாதிரி ஒல்லியா வேகமா ஒரே கோட்டுல அடிக்கும், நேரா கோரல் மேல பட்டா சதையவே கிழிச்சுடும். ஜைர்ங்கறது நீளமான உருளை மாதிரி சுத்தி, தண்ணிய ஒரு விரிப்பு மாதிரி டேங்க் முழுக்க ஓட வைக்கும், மேக்ஸ்பெக்ட் அந்தப் பேர்ல வித்ததால இப்ப எல்லா கம்பெனி உருளை பம்ப்பையும் ஜைர்னே சொல்றாங்க. இது இல்லாம எகோடெக்கோட வோர்டெக் மாதிரி, மோட்டார் கண்ணாடிக்கு வெளிய, புரொப்பெல்லர் மட்டும் உள்ள, நடுவுல காந்தம் இழுத்து சுத்துற வகையும் இருக்கு.

ரிட்டர்ன் வேலைய வேவ்மேக்கர் செய்யாது, வேவ்மேக்கர் வேலைய ரிட்டர்ன்கிட்ட எதிர்பார்த்தா தேவையே இல்லாம பெரிய பம்ப் வாங்க வேண்டி வரும். ரெண்டையும் தனித்தனியா கணக்கு போடுங்க.

என் டேங்க் 200 லிட்டர், எத்தன லிட்டர் பம்ப்னு நேரா சொல்லிடுங்களேன் அண்ணா

ரிட்டர்ன் பம்ப்புக்கு மணிக்கு டேங்க் அளவு மாதிரி 4, 5 மடங்கு போதும், அதாவது 800ல இருந்து 1000 லிட்டர், ஆனா அது டேங்குக்கு நிஜமா வந்து சேர்ற அளவு (அடுத்த கேள்விய பாருங்க). வேவ்மேக்கர் நீங்க என்ன கோரல் வைக்கிறீங்கங்கறத பொறுத்தது. மஷ்ரூம், ஸோவாந்தஸ், லெதர் மாதிரி சாஃப்ட் கோரல்னா 10ல இருந்து 20 மடங்கு. ஹேமர், டார்ச் மாதிரி எல்பிஎஸ்னா (கல் மாதிரி எலும்பும் பெரிய சதையும் உள்ள கோரல்) 20 மடங்கு பக்கம் வச்சு, சதை ஆடுறத பாத்து கூட்டிக் குறைச்சுக்கலாம். அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ்னா (அதே கல் எலும்பு, ஆனா பொடிப்பொடி சதை) 40, 50 மடங்கெல்லாம் சாதாரணம், 200 லிட்டர் டேங்குக்கு 10,000 லிட்டர்.

நம்பர பாத்து பயப்படாதீங்க. இது ஆரம்பிக்கிறதுக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். அகலமா பரவி வர்ற 6000 லிட்டர், ஒல்லியா அடிக்கிற 4000 லிட்டர விட கோரலுக்கு மென்மையா இருக்கும்.

பாக்ஸ்ல 4000 லிட்டர்னு போட்டிருக்கு ஆனா டேங்குல விழுறத பாத்தா பாதி கூட இருக்காது போல, ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலங்க, அந்த 4000ங்கறது பைப்பே இல்லாம, தண்ணிய ஒரு அடி கூட மேல தூக்காம அளந்த அளவு. பம்ப் தண்ணிய எவ்வளவு உயரம் தூக்குதோ அவ்வளவு ஃப்ளோ குறையும், அத ஹெட்னு சொல்வாங்க. பாக்ஸ்ல அதிகபட்ச ஹெட் 3 மீட்டர்னு இருந்தா, 3 மீட்டர் உயரத்துல ஒரு சொட்டு கூட வெளிய வராதுன்னு அர்த்தம். உங்க சம்ப்ல இருந்து டேங்க் மேல வரைக்கும் 1.5 மீட்டர்னா சுமாரா பாதிதான் வரும், அதுலயும் ஒவ்வொரு எல்போவும் (பைப்ப வளைக்கிற இணைப்பு), மெல்லிசான பைப்பும் இன்னும் கொஞ்சம் சாப்பிடும். நல்ல கம்பெனி எந்த உயரத்துல எவ்வளவு வரும்னு ஒரு கோட்டுப் படம் குடுத்திருப்பாங்க, அந்தப் படம் இல்லாத ரிட்டர்ன் பம்ப்ப நான் வாங்கறதில்ல. பைப் பம்ப்போட வாய் அளவுக்கு குறையாம இருக்கட்டும், 90 டிகிரி எல்போ ஒண்ணுக்கு பதிலா 45 டிகிரி ரெண்டு போடுங்க.

நிஜமா எவ்வளவு வருதுன்னு பாக்க ஒரு 10 லிட்டர் பக்கெட்டும் மொபைல்ல இருக்கிற ஸ்டாப்வாட்சும் போதும். ரிட்டர்ன் வாய்ல டியூப் மாட்டி, அதே உயரத்துல பக்கெட்ட வச்சு பிடிங்க, 20 செகண்ட்ல நிறைஞ்சா மணிக்கு 1800 லிட்டர். இன்னொரு விஷயம், ஏசி பம்ப்னா பாக்ஸ்ல 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்னு ரெண்டு அளவு போட்டிருக்கும். 60ல நிமிஷத்துக்கு 3600 சுத்து சுத்துற மோட்டார் 50ல 3000தான் சுத்தும், உங்க வீட்டு கரண்ட் எதுவோ அந்த அளவ மட்டும் பாருங்க.

ஏசி பம்ப் நல்லதா டிசி பம்ப் நல்லதா?

ஏசி பம்ப்ல கரண்ட் ஒயர், காயில், காந்தம், அதோட சேர்ந்து சுத்துற இறக்கை (இம்பெல்லர்), அவ்வளவுதான் உள்ள. கெட்டுப்போக பெருசா ஒண்ணும் இல்லாததால வருஷக்கணக்கா ஓடும். ஆனா வேகத்த மாத்த முடியாது, வெளிய போற பைப்ல ஒரு பால் வால்வ் போட்டுதான் குறைக்கணும் (உள்ள இழுக்கிற பக்கம் எப்பவும் அடைக்காதீங்க, பம்ப் தண்ணி கிடைக்காம திணறி காத்துக் குமிழா கக்கும்). டிசி பம்ப் பெரும்பாலும் 24 வோல்ட், கன்ட்ரோலர் வச்சு வேகத்த மாத்தலாம், கரண்ட் கம்மி, சத்தம் கம்மி, சாப்பாடு போடறப்ப பத்து நிமிஷம் நிறுத்துற பட்டன் இருக்கும், அலை மாதிரி விட்டு விட்டு தள்ளும்.

டிசில பம்ப் சாகறத விட கன்ட்ரோலரும் அடாப்டரும் சாகறதுதான் அதிகம். உப்புத்தண்ணி ஒயர் வழியா மெதுவா ஏறி உப்பு பூத்து கனெக்டர் பின்ன அரிச்சுடும். அதனால கன்ட்ரோலர டேங்குக்கு மேலயோ சம்ப் கேபினெட் உள்ளயோ வைக்காம, தள்ளி காத்தோட்டமா மாட்டுங்க. என்னோட முடிவு, ரிட்டர்னுக்கு ரெண்டுல எதுவானாலும் சரி, வேவ்மேக்கருக்கு டிசிதான், ஏன்னா கோரலுக்கு மாறி மாறி வர்ற ஃப்ளோதான் வேணும், ஒரே பக்கம் ஒரே வேகத்துல 24 மணி நேரம் அடிச்சா ஒரு பக்கம் தேயும் இன்னொரு பக்கம் அழுக்கு சேரும்.

நம்பகமான பம்ப்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ரிவ்யூ பாத்தா எல்லாமே நல்லாதான் இருக்கு

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். ரிவ்யூ எழுதுறவங்க பெரும்பாலும் வாங்கின வாரம் எழுதுறாங்க, அப்ப எல்லா பம்ப்பும் நல்லாதான் ஓடும். பம்ப் ஓடிக்கிட்டு இருக்கறப்ப பெரும்பாலும் சாகாது, நின்னு திரும்ப ஸ்டார்ட் ஆகறப்பதான் சாகும். ஓடறப்ப இடைவெளில சேர்ந்த சுண்ணாம்பு, சின்ன மணல், எல்லாம் சுத்துற வேகத்துல தேஞ்சுக்கிட்டே இருக்கும், நின்னதும் அதுவே ஆப்பு மாதிரி இறுக்கிடும். அதனால நான் பாக்கறது மூணே விஷயம். கரண்ட் போய் வந்தா தானா கிளம்புதா, டூல் இல்லாம கையாலயே கழட்டி சுத்தம் பண்ண முடியுதா, இம்பெல்லரும் அது சுத்துற அச்சான ஷாஃப்ட்டும் தனியா வாங்க கிடைக்குதா.

வாங்கின அன்னைக்கே ஒரு பக்கெட் உப்புத்தண்ணில போட்டு ஒரு நாள் ஓட விடுங்க, நடுவுல ஒரு இருபது தடவ ஸ்விட்ச்ச போட்டு அணைங்க. ஏசி பம்ப் எந்தப் பக்கமும் சுத்த ஆரம்பிக்கும், தப்பான பக்கம் போனா உள்ள ஒரு தடுப்பு இடிச்சு திருப்பி விடும், அந்த 'டக்' சத்தம் ஒண்ணு ரெண்டு தடவ வந்தா சரி, டக்டக்டக்னு இடிச்சுக்கிட்டே இருந்தா அப்பவே திருப்பிக் குடுத்துடுங்க. அப்புறம் இம்பெல்லர வெளிய எடுத்து வெளிச்சத்துல பாருங்க. காந்தத்த சுத்தி பிளாஸ்டிக் உறை முழுசா மூடியிருக்கணும். என் கிட்ட இருந்த ஒரு பம்ப்புல அந்த உறையோட ஓரத்துல முடி அளவுக்கு ஒரு விரிசல், முதல்ல ஒரு பழுப்பு கோடுதான் தெரிஞ்சுது, பாசின்னு நினைச்சு துடைச்சுட்டு மாட்டிட்டேன். உள்ள போன உப்புத்தண்ணில காந்தம் துரு பிடிச்சு ஊதி, ரெண்டு மாசத்துல கூட்டுக்குள்ளயே இறுகி நின்னுடுச்சு, நான் ஊர்ல இல்லாத ரெண்டு நாள். ரெண்டு டார்ச் காலனி போச்சு. இப்ப பழுப்பு கோடு பாத்தா அடுத்த நிமிஷம் இம்பெல்லர மாத்திடுவேன்.

பம்ப்ல காப்பர் இருக்கக்கூடாதுன்னு சொல்றாங்க, பம்ப்ல எங்கிருந்து காப்பர் வருது?

மோட்டார் காயில் முழுக்க காப்பர்தான், ஆனா அது பிசின்ல மூழ்கி சீல் ஆகி இருக்கும், அந்த உடம்புல விரிசல் விழாத வரைக்கும் பிரச்சனை இல்ல. ஆபத்து எங்கன்னா, ஃபவுண்டன், தோட்டம்னு நன்னீருக்கு செஞ்ச பம்ப்ப விலை கம்மின்னு வாங்கி போடறதுலதான். அதுல பித்தளை பாகமோ இரும்பு ஷாஃப்ட்டோ இருக்கலாம். காப்பர் ரொம்பக் கொஞ்சம் கரைஞ்சாலே இறால், நத்தை, கோரல் எல்லாம் செத்துடும். உப்புத்தண்ணிக்குன்னு எழுதியிருக்கா, ஷாஃப்ட் செராமிக்கா, ரெண்டையும் பாத்து வாங்குங்க. செராமிக் ஷாஃப்ட் சுத்தம் பண்றப்ப பட்டுனு உடையும், கை பதமா எடுங்க, ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சுக்குங்க.

ஒரு பெரிய வேவ்மேக்கரா, சின்னதா ரெண்டா?

ரெண்டு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு டேங்க காப்பாத்தும், நான் இழந்த ரெண்டு காலனியும் ஒரே பம்ப்ப நம்பினதால போனதுதான். ஃப்ளோவுக்கும் நல்லது, எதிரெதிரா ரெண்டு நீரோட்டம் மோதுற இடத்துல தண்ணி திசை தெரியாம சுழலும், கடல்ல கோரல் அப்படித்தான் பழகியிருக்கு. ரெண்டும் ஒரே மாடலா இருந்தா ஒரு ஸ்பேர் இம்பெல்லர் ரெண்டுக்கும் ஆகும்.

எங்க மாட்டணும் ப்ரோ? மணல் எல்லாம் ஒரு மூலைல குழி விழுந்து இன்னொரு மூலைல குவியுது

தாழ்வா மாட்டியிருக்கீங்க, இல்லன்னா முகம் கீழ பாத்து இருக்கு. மேல இருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல, கொஞ்சம் மேல் நோக்கி திருப்பி மாட்டுங்க, மேல்பரப்பு நல்லா நெளிஞ்சு மின்னணும். நேரா எதிர் கண்ணாடில மோதுற மாதிரி வச்சா தண்ணி அடிச்சு திரும்பி கீழ மெதுவா வரும், அந்த திரும்பி வர்ற ஃப்ளோதான் பெரும்பாலான கோரலுக்கு பிடிக்கும். ரொம்ப மேல வச்சா சுழல் விழுந்து காத்த இழுத்து டேங்க் முழுக்க பொடிக் குமிழா ஆயிடும், ரெண்டு விரல் கீழ இறக்கினா போதும். மணல் ரொம்ப நைஸா இருந்தா என்ன பண்ணாலும் பறக்கும், எஸ்பிஎஸ் வைக்கிறதா இருந்தா மணல கொஞ்சம் பரும்பரும்னு போடுங்க.

காந்தம் எந்த தடிமன் கண்ணாடிக்குன்னும் பாருங்க, 10 மில்லிமீட்டருக்கு செஞ்சத 15ல மாட்டினா ஒரு நாள் வழுக்கி கோரல் மேலயே விழும். அனிமோன் வச்சிருந்தா பம்ப் வாய்ல கட்டாயம் ஸ்பாஞ்ச் இல்ல மெஷ் கவர் போடுங்க, அது நடக்கிற உயிர், ராத்திரி நகர்ந்து போய் பம்ப்ல மாட்டி அரைஞ்சா டேங்க் மொத்தமும் கெட்டுப்போகும்.

கரண்ட் போச்சு, வந்து பாத்தா சம்ப் நிறைஞ்சு தரை எல்லாம் தண்ணி, பம்ப் கோளாறா?

பம்ப்ப குறை சொல்லாதீங்க, இது சைஃபன். பம்ப் நின்னதும் ரிட்டர்ன் பைப் வழியாவே தண்ணி திரும்பி கீழ இறங்கும், பைப்போட வாய் தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழத்துல இருக்கோ அவ்வளவு இறங்கும். 120க்கு 60 சென்டிமீட்டர் டேங்க்ல ஒரு சென்டிமீட்டர்னா 7.2 லிட்டர், வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்தா 36 லிட்டர் சம்ப்புக்கு வரும். வாய மேல்பரப்புக்கு பக்கத்துல வைங்க, பைப்ல தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் கீழ சின்னதா ஒரு ஓட்டை போடுங்க, மட்டம் அதுக்கு கீழ வந்ததும் காத்து புகுந்து சைஃபன் அறுந்துடும். அந்த ஓட்டைய வாரம் ஒரு தடவ பாருங்க, பாசியும் நத்தையும் அடைச்சுக்கும். செக் வால்வ (தண்ணிய ஒரே பக்கம் மட்டும் விடுற வால்வ்) மட்டும் நம்பாதீங்க, ஒரே ஒரு நத்தை ஓடு மாட்டினாலும் மூடாது. டேங்க் வைக்கிற அன்னைக்கே பம்ப்ப நிறுத்திப் பாத்து, சம்ப்ல அதிகபட்சம் எவ்வளவு தண்ணி வைக்கலாம்னு ஒரு கோடு போட்டுடுங்க.

கரண்ட் இல்லாம டேங்க் எத்தன நேரம் தாங்கும்?

மீன், கோரல் எவ்வளவு இருக்கு, தண்ணி எவ்வளவு சூடுங்கறத பொறுத்தது, நெருக்கமான டேங்க்னா சில மணி நேரத்துலயே மீன் மேல வந்து வாய திறக்க ஆரம்பிக்கும். லைட்டு, ஹீட்டர், ஸ்கிம்மர் (நுரையா அழுக்க பிரிக்கிற கருவி) எல்லாம் காத்திருக்கும், வேவ்மேக்கர் காத்திருக்காது. டிசி வேவ்மேக்கர் நிறைய மாடல் 12 வோல்ட் பேட்டரில மெதுவா ஓடும், வாங்கும்போதே பேட்டரி பேக்கப் போட வழி இருக்கான்னு கேளுங்க. 12 வோல்ட் 7 ஆம்ப் ஹவர் பேட்டரில 84 வாட் ஹவர், 5 வாட் எடுத்தா கணக்குப்படி சுமார் 17 மணி நேரம், பேட்டரிய முழுசா காலி பண்ணக்கூடாதுங்கறதால 8 மணி நேரம்னு வச்சுக்குங்க. அதுவும் இல்லன்னா பேட்டரில ஓடற ஏர் பம்ப் ஒண்ணாவது வீட்ல இருக்கட்டும்.

ஆறு மாசத்துல ஃப்ளோ பாதியா குறைஞ்சுடுச்சு, இப்ப கரகரன்னு சத்தமும் வருது, புதுசு வாங்கணுமா?

முதல்ல சுத்தம் பண்ணுங்க. கழட்டினா தெரியும், வெளிய ஊதா கலர்ல கோரலைன் பாசி ஓடு மாதிரி பிடிச்சிருக்கும், உள்ள வெள்ளையா சுருண்ட குழாய்ப்புழு, காந்தத்து மேல சொரசொரன்னு சுண்ணாம்பு. நம்ம தண்ணில கோரலுக்காக கால்சியம் நிறைய வச்சிருக்கோம், பம்ப்போட சூட்டுல அதுவே அங்க படியுது. வெள்ளை வினிகரும் தண்ணியும் சம பங்கு கலந்து, இல்லன்னா வெதுவெதுப்பான தண்ணில சிட்ரிக் ஆசிட் கரைச்சு, அதுக்குள்ள பம்ப்ப போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்க. போட்ட உடனே சின்னச் சின்ன குமிழா பொங்கும், பொங்குறது நின்னதும் ஆசிட் தீர்ந்துடுச்சு இல்ல சுண்ணாம்பு தீர்ந்துடுச்சு, பழைய டூத்பிரஷ்ல தேச்சு நல்ல தண்ணில அலசி மாட்டுங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவ இத செஞ்சா, ஸ்டார்ட் ஆகாம போற பிரச்சனை பெரும்பாலும் வராது. சுத்தம் பண்ணியும் கரகரப்பு போகலன்னா ஷாஃப்ட்டோ, அத தாங்குற வளையமான புஷ்ஷோ தேஞ்சிருக்கு, இம்பெல்லர விரல்ல ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா மாத்துங்க. ரிட்டர்ன் பம்ப் திடீர்னு சத்தம் போட்டா முதல்ல சம்ப்ல தண்ணி மட்டத்த பாருங்க, ஆவியாகி மட்டம் இறங்கி காத்த இழுத்துக்கிட்டு இருக்கும், தண்ணிதான் அந்த பம்ப்புக்கு குளிர்ச்சியும் மசகும், வெறும ஓடினா கொஞ்ச நேரத்துல உருகிடும்.

தண்ணி சூடு ஏறிக்கிட்டே போகுது, பம்ப்னாலயா?

இருக்கலாம். தண்ணிக்குள்ள இருக்கிற பம்ப் எடுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் கடைசில சூடாத்தான் தண்ணில சேரும், 40 வாட் பம்ப்னா 40 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடுது. அதே ஃப்ளோவ பாதி வாட்ல தர்ற பம்ப் இருந்தா அத எடுங்க, மோட்டார் வெளிய இருக்கிற வகைல சூட்டுல ஒரு பங்கு காத்துலயே போயிடும்.

தண்ணில கை வச்சா லேசா சுர்ருங்குது, பரவால்லயா?

பரவால்லன்னு இருந்துடாதீங்க. உடனே எல்லா பிளக்கையும் புடுங்குங்க, அப்புறம் ஒண்ணொண்ணா பாருங்க, ஒயர் உரிஞ்சிருக்கும் இல்லன்னா பம்ப் உடம்புல விரிசல் விழுந்திருக்கும், அந்த பம்ப்ப ஒட்டி மறுபடி பயன்படுத்தாதீங்க. டேங்க் லைன்ல 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகற ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற ஸ்விட்ச்) இல்லாம உப்புத்தண்ணி டேங்க் வைக்கவே கூடாது. ஒயர் பிளக்குக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, ஒயர் வழியா வர்ற தண்ணி அங்கயே சொட்டிடும். டேங்குக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி பம்ப்ப ஆஃப் பண்றத பழக்கமாக்கிக்குங்க, வீட்ல குழந்தைங்க இருந்தா இன்னும் கவனம்.

மீட்டர் எதுவும் இல்லாம, ஃப்ளோ ஜாஸ்தியா கம்மியான்னு கோரல பாத்தே சொல்ல முடியுமா?

முடியும், கொஞ்ச நேரம் டேங்க் முன்னாடி சும்மா உட்காரணும். ஹேமர், டார்ச் எல்லாம் ஒரு பக்கமா படுத்தே கிடந்தா, இல்ல சதை உள்ள சுருங்கி எலும்போட ஓரம் வெள்ளையா தெரிஞ்சா ஜாஸ்தி. முன்னும் பின்னுமா மெதுவா ஆடினா சரி. கோரல் மேல அழுக்கு உட்கார்ந்து அப்படியே இருந்தா, பாறை இடுக்குல சிவப்பா வழுவழுன்னு பாசி பிடிச்சா, அந்த இடத்துக்கு ஃப்ளோ போகல. சாப்பாடு போடறப்ப ஒரு துகள கண்ணாலயே துரத்திப் பாருங்க, எங்க வேகமா போகுது, எங்க சுத்துது, எங்க கீழ விழுந்து அசையாம கிடக்குதுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும்.

இன்னொண்ணு, கோரல் வளர வளர ஃப்ளோ மாறும். போன வருஷம் நல்லா இருந்த அதே பம்ப், இப்ப கிளை நெருங்கி வளர்ந்த அக்ரோபோராவோட உள்பக்கத்துக்கு தண்ணிய அனுப்பாது, உள்ள இருந்துதான் முதல்ல வெளுக்கும். அதனால வாங்கறப்பவே 60, 70 சதவீத வேகத்துல ஓட்டினா போதுங்கற அளவுக்கு கொஞ்சம் பெரிசா எடுங்க, மீதி இந்த நாளுக்கு உதவும்.

யூஸ் பண்ண பம்ப் ஒண்ணு கம்மி விலைக்கு வருது, எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனா விக்கிறவங்ககிட்ட மூணு கேளுங்க. மீன் நோய்க்கு காப்பர் மருந்து போட்ட டேங்க்ல ஓடினதா, ஸ்பேர் இன்னும் கிடைக்குதா, கடைசியா எப்ப கழட்டினாங்க. மேல சொன்ன இருபது தடவ ஸ்விட்ச் டெஸ்ட்ட அவங்க முன்னாடியே பண்ணுங்க, பழுப்பு கோடு இருக்கான்னு இம்பெல்லர பாருங்க, ஒயர் பம்ப்புக்குள்ள போற இடத்துல வளைச்சுப் பாருங்க, அங்கதான் முதல்ல வெடிக்கும். காப்பர் போட்ட டேங்க்ல இருந்ததுன்னு சொன்னா விட்டுடுங்க. ரிட்டர்னுக்கு பழசு போட்டா புதுசா ஒண்ண ஸ்பேரா வைங்க. வேவ்மேக்கர்ல ரெண்டுல ஒண்ணு பழசா இருந்தா தப்பில்ல, ரெண்டும் பழசா மட்டும் வேண்டாம்.